போடாக்ஸ் ஊசி எத்தனை மாதம் நிற்கும்: நாளையும் யூனிட்டையும் கணக்குப் பார்ப்பது எப்படி

புருவ நடுவிலும் நெற்றியிலும் கண்ணோரத்திலும் போடும் சுருக்க ஊசி பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 4 மாதம் நிற்கும். ஆனால் ஒரே டாக்டரிடம் ஒரே நாளில் போட்டுக்கொண்ட அக்கா தங்கையில் ஒருவர் "ரெண்டே மாசத்துல போயிடுச்சு" என்று குறைப்படுவார், இன்னொருவர் நாலரை மாதம் கழித்துத்தான் அடுத்த ஊசியைப் பற்றியே யோசிப்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். புருவம் முதன்முதலாக லேசாக நெறிபட்ட அன்றே மருந்து தீர்ந்துவிட்டது என்று ஒருவர் எண்ணுகிறார். பழைய கோடு பழைய ஆழத்தில் தெரிந்த பிறகுதான் மற்றவர் அப்படி நினைக்கிறார். இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே பல வாரம் இருக்கும். ஊசி எத்தனை நாள் நின்றது என்று பேசுவதற்கு முன், எந்த நாளை முடிவு நாளாக வைக்கப்போகிறீர்கள் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். அசைவு திரும்பிய வாரம், கோடு முழுதாகத் திரும்பிய வாரம் என்று இரண்டையும் தனித்தனியே குறித்து வைப்பது நல்லது.

தசைக்குள் நடப்பது

இந்த மருந்து போட்டுலினம் நச்சின் ஏ வகை. நரம்பு முனைக்குள் புகுந்து, ஸ்நாப்-25 என்ற புரதத்தை வெட்டிவிடும். அந்தப் புரதம் இல்லாமல் நரம்பால் அசிட்டைல்கோலினை வெளியே விட முடியாது. அசிட்டைல்கோலின் வராவிட்டால் தசை சுருங்காது, தோலும் மடியாது. ஊசி போட்ட மறுநாளே மாற்றம் தெரியாததற்கும் காரணம் இதுதான். 2 அல்லது 3 நாளில் லேசாகத் தெரியத் தொடங்கி, 14 நாளுக்குள் முழு அளவை எட்டும்.

சில வாரங்களில் நரம்பு பக்கவாட்டில் புதிய முளைகளை விட்டுத் தசையைத் தொட முயல்கிறது. உள்ளே இருக்கும் மருந்தின் வீரியம் குறையக் குறைய, பழைய நரம்பு முனையும் வேலைக்குத் திரும்புகிறது. அதனால் மருந்தின் பலன் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை, சரிவாகத்தான் இறங்கும். 8-ஆம் வாரத்தில் கொஞ்சம் அசைவு தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது இயல்பான சரிவு.

எந்த இடத்தில் எவ்வளவு, எத்தனை நாள்

போடாக்ஸ் என்ற பெயரில் விற்கும் மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002-இல் புருவ நடுக் கோட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2013-இல் கண்ணோரச் சுருக்கத்துக்கும், 2017-இல் நெற்றிக் கோட்டுக்கும் ஒப்புதல் வந்தது. அந்த மருந்துக் குறிப்பில் உள்ள அளவு இது (யூனிட் என்பது மருந்தின் வீரியத்தை அளக்கும் அலகு): புருவ நடுவுக்கு 5 இடங்களில் 4 யூனிட் வீதம் 20 யூனிட், நெற்றிக்கு 5 இடங்களில் 20 யூனிட், கண்ணோரத்துக்கு ஒரு பக்கம் 3 இடங்களில் 12 யூனிட், இரு பக்கமும் சேர்த்து 24 யூனிட். மூன்றையும் சேர்த்தால் 64 யூனிட்.

புருவ நடு பெரும்பாலும் 3 முதல் 4 மாதம் தாங்கும். நெற்றியில் பல டாக்டர்கள் வேண்டுமென்றே அளவைக் குறைப்பார்கள், ஏனென்றால் புருவத்தைத் தூக்கிப் பிடிப்பது அந்த ஒரே தசைதான். அங்கே அதிகம் போட்டால் புருவம் கண்மேல் இறங்கிக் கனக்கும். அளவு குறைவதால் நெற்றி சில வாரம் முன்னதாகவே விழித்துக்கொள்ளும். மேலுதட்டில் மொத்தமே சில யூனிட்தான் போடுவார்கள் என்பதால் 2 மாதம் நின்றாலே போதுமானது. தாடை ஒடுங்குவதற்காகக் கடிக்கும் தசையில் போடும் ஊசியின் கணக்கு வேறு. தசை மெலிய வேண்டியிருப்பதால் பலன் கண்ணில் பட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், பிறகு 4 முதல் 6 மாதம் வரை நிற்கும். அக்குள் வியர்வைக்கு ஒரு பக்கத்துக்கு 50 யூனிட் போட்டால் 6, 7 மாதம் கிடைக்கும். சென்னைப் புழுக்கத்தில் அலுவலகச் சட்டை நனைந்து சங்கடப்படுபவர்களுக்கு, முகச் சுருக்கத்தைவிட இந்த ஊசிதான் கொடுத்த காசுக்கு அதிக நாள் உழைக்கிறது.

பில்லில் யூனிட் இருக்கிறதா?

சீக்கிரம் கழன்றுவிட்டது என்று வருபவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது உடம்பை அல்ல, பில்லை. "நெற்றி: ஒரு ஏரியா" என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே போனது 20 யூனிட்டா 8 யூனிட்டா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசி எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பவற்றில் நம் கட்டுப்பாட்டில் உள்ள பெரிய விஷயம் அளவுதான். பாதி அளவு போட்டால் முகம் இயல்பாக அசையும், சிலருக்கு அதுவே பிடிக்கும். ஆனால் நாளும் குறையும் என்பதை முன்கூட்டியே தெரிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காக அளவை இரட்டிப்பாக்கினால் மாதமும் இரட்டிப்பாகாது. சில வாரம்தான் கூடும், கூடவே பக்கத்துத் தசைக்குப் பரவும் வாய்ப்பும் கூடும்.

மில்லி கணக்கைக் கேட்டு ஏமாறாதீர்கள். மருந்து தூளாகக் குப்பியில் வருகிறது, சலைன் கலந்துதான் ஊசியில் ஏற்றுகிறார்கள். 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி சலைன் கலந்தால் 0.1 மில்லியில் 4 யூனிட் இருக்கும். அதே குப்பியில் 5 மில்லி கலந்தால் 0.1 மில்லியில் 2 யூனிட்தான். கூடுதலாகக் கலப்பது தப்பில்லை, பரவலாகப் போட வேண்டிய இடங்களில் அது பயன்படும். போடும் மொத்த யூனிட் மட்டும் குறையக் கூடாது.

சிரிஞ்சில் தெரியும் எண்ணை வைத்து யூனிட்டை எண்ணுவதும் தவறாகப் போகும். இங்கே பல கிளினிக்குகளில் இன்சுலின் சிரிஞ்சில்தான் போடுகிறார்கள். சிவப்பு மூடி போட்டது யு-40 (ஒரு மில்லிக்கு 40 என்ற அளவுக்கோடு), ஆரஞ்சு மூடி போட்டது யு-100 (ஒரு மில்லிக்கு 100). 2.5 மில்லி கலவையை யு-40 சிரிஞ்சில் ஏற்றினால் ஒரு கோடு ஒரு யூனிட்டுக்குச் சரியாக அமையும். யு-100 சிரிஞ்சில் ஏற்றினால் 10 என்ற கோட்டில் இருப்பது 4 யூனிட்தான். அதைப் பார்த்து "10 யூனிட் போட்டார்கள்" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருபவர்கள் உண்டு.

பிராண்டுக்கு பிராண்டு யூனிட்டும் மாறும். டிஸ்போர்ட்டில் புருவ நடுவுக்கு 50 யூனிட் போடுவதும் போடாக்ஸில் 20 யூனிட் போடுவதும் ஏறக்குறைய ஒரே வேலை. "அங்கே 50 யூனிட் இதே விலைக்குத் தருகிறார்கள்" என்று ஒப்பிடும் முன் மருந்தின் பெயரைக் கேளுங்கள். ஜியோமினின் அளவு போடாக்ஸை ஒட்டியே இருக்கும். டாக்ஸிஃபை என்ற புதிய மருந்துக்கு அமெரிக்காவில் 2022-இல் ஒப்புதல் கிடைத்தது. அதற்கான ஆய்வுகளில் புருவ நடுவில் பாதிப் பேருக்குச் சுமார் 24 வாரம் நின்றது. அந்த எண்ணைப் படித்துவிட்டு மற்ற மருந்துகளிடமும் ஆறு மாதம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆகவே ஊசிக்கு முன் நான்கு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: மருந்தின் பெயர், குப்பியின் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும், எத்தனை மில்லியில் கலந்தது, எந்த இடத்தில் எத்தனை யூனிட். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். பலர் முகப்படத்தில் புள்ளி வைத்து யூனிட்டைக் குறிப்பார்கள், அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். ஊசியைப் போடுபவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டும். தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ படித்தவரா என்று கேட்டு, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். பார்லர் நாற்காலியில் அமர்ந்து இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே கூடாது.

விலையை ஒப்பிட ஒரு எளிய வழி உண்டு. மொத்தத் தொகையை, தாங்கிய மாதங்களால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 16,000 ரூபாய் கொடுத்து 4 மாதம் நின்றால் மாதம் 4,000. ஆஃபரில் 9,000 ரூபாய்க்குப் போட்டு 2 மாதத்தில் கழன்றால் மாதம் 4,500.

சென்னை வெயிலும் ஃபிரிட்ஜும்

குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். கலந்த பிறகு 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று போடாக்ஸ் குறிப்பு சொல்கிறது. நடைமுறையில் பல கிளினிக்குகள் கலந்த குப்பியை ஃபிரிட்ஜில் வைத்துக் கூடுதல் நாட்களுக்கும் பயன்படுத்துகின்றன. சரியான குளிரில் வைத்தால் வீரியம் பெரிதாகக் குறைவதில்லை என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் "சரியான குளிர்" என்பதுதான் மே மாதச் சென்னையில் சிக்கல். ஐஸ் பெட்டி இல்லாமல் ஸ்கூட்டரில் வந்த குப்பியும், மின்வெட்டின்போது பேக்கப் இல்லாத ஃபிரிட்ஜில் கிடந்த குப்பியும் வெளித்தோற்றத்தில் நல்ல குப்பி போலவே இருக்கும். திறக்காத ஜியோமினை அறை வெப்பத்தில் வைக்கலாம் என்பார்கள். அதுவும் 25 டிகிரி வரைதான், அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி. இல்லாத அறை அந்தக் கணக்கில் வராது.

"எப்போது கலந்தீர்கள்?" என்று கேட்பது உங்கள் உரிமை. உங்கள் முன்னே கலந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: குப்பிக்குள் வெற்றிடம் இருப்பதால் சலைன் தானாக உள்ளே இழுபட வேண்டும். இழுக்காத குப்பியை ஒதுக்கிவிட வேண்டும்.

ஊசி போட்ட பிறகு வெயிலில் நடந்தால் மருந்து உருகிவிடும் என்பது வெறும் பயம். தசைக்குள் போன மருந்தை வெயில் தொடாது. வெயில் செய்யும் கெடுதல் வேறு. கண் கூச, புருவத்தை நெரித்துக்கொண்டே வண்டி ஓட்டுவீர்கள், கூடவே புற ஊதாக் கதிர் தோலின் கொலாஜனையும் தின்னும். ஆகவே பகலில் கறுப்புக் கண்ணாடியும், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் கட்டாயம். பவர் மாறியும் பழைய மூக்குக்கண்ணாடியையே போட்டுக்கொண்டு, நாள் முழுக்கக் கணினியைச் சுருங்கிய கண்ணோடு பார்ப்பவர்கள் ஊசிக்கு முன் கண் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

உங்கள் முகம், உங்கள் தசை

தசை பெரிதாக இருந்தால் அளவும் கூட வேண்டும். ஆண்களின் புருவ நடுத் தசை பொதுவாகக் கனமானது, பெண்களுக்கான 20 யூனிட்டை அப்படியே போட்டால் பலருக்குச் சீக்கிரம் கழன்றுவிடும். பேசும்போது முகம் முழுக்க அசைப்பவர்களுக்கும் இதே நிலைதான். கடுமையாக உடற்பயிற்சி செய்பவர்களுக்குச் சீக்கிரம் போய்விடுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, ஆதாரம் வலுவாக இல்லை. அதற்காக ஜிம்மை விட்டுவிட வேண்டாம். ஜிங்க் மாத்திரை சாப்பிட்டால் கூடுதல் நாள் நிற்கும் என்பதற்கான ஆதாரமும் அதே ரகம்தான், அதற்காகக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் முகத்தைத் தளர்த்தி நில்லுங்கள். அசைக்காதபோதும் கோடு தெரிந்தால் அது தோலிலேயே பதிந்த கோடு. ஊசி அந்தத் தசையை நிறுத்தும், பதிந்த தடத்தை உடனே அழிக்காது. பல சுற்றுகள் மடியாமல் வைத்திருந்தால் ஆழம் குறையலாம். மிச்சத்துக்கு இரவில் ரெட்டினாய்டு கிரீம், லேசர் போன்றவை உண்டு. புருவ நடுக் கோட்டை ஃபில்லர் வைத்து நிரப்பலாம் என்று யாராவது எளிதாகச் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டுப் பார்வை போகும் ஆபத்து அதிகமுள்ள இடங்களில் அதுவும் ஒன்று. மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் மடிப்புக்கும் இந்த ஊசி பெரிதாக உதவாது.

போட்ட நாளில்

முதல் 4 மணி நேரம் படுக்க வேண்டாம், குனிந்து வேலை செய்ய வேண்டாம். 24 மணி நேரத்துக்கு ஜிம், ஓட்டம், சிரசாசனம் எதுவும் கூடாது. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது. நம் ஊர்க்காரர்கள் தவறவிடுவது எண்ணெய்க் குளியலையும் பார்லரையும்தான். தலைக்கு எண்ணெய் தேய்த்து நெற்றியை அழுத்துவது, திரெடிங், ஃபேஷியல், ஹெட் மசாஜ் எல்லாவற்றையும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், அல்லது ஊசிக்கு முந்தைய நாளே முடித்துவிடுங்கள். ஹெல்மெட்டின் உள்பட்டை நெற்றியை இறுக்கும். ஆனால் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டச் சொல்ல முடியாது, அன்றைக்கு மெட்ரோவிலோ ஆட்டோவிலோ வந்து போங்கள்.

இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் மருந்து பக்கத்துத் தசைக்குப் போகாமல் இருப்பதற்காகத்தான். இவற்றைக் கடைப்பிடித்தால் ஒரு மாதம் கூடுதலாக நிற்கும் என்று நினைக்க வேண்டாம்.

குறிப்பேடு

ஒரே சுவர், ஒரே ஜன்னல் வெளிச்சம், ஒரே தூரம். நான்கு முகங்கள்: தளர்ந்தது, புருவம் நெரித்தது, புருவம் உயர்த்தியது, வாய்விட்டுச் சிரித்தது. ஊசிக்கு முன் ஒரு தடவை, பிறகு 14, 30, 60, 90, 120-ஆம் நாட்களில். போனில் தனி ஆல்பம் போட்டு, முதல் படத்தோடு யூனிட் விவரத்தையும் சேர்த்து வையுங்கள். இரண்டு சுற்று முடிந்ததும் உங்கள் முகத்துக்கான எண் கிடைத்துவிடும், ஊரார் சொல்லும் எண் பிறகு தேவைப்படாது.

14-ஆம் நாள் படம்தான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் அசைந்தாலோ, புருவத்தின் வெளிமுனை மட்டும் வில்லாக எழும்பினாலோ அப்போது டச்-அப் செய்யலாம். எழும்பிய புருவத்துக்கு அதன் மேலே 1, 2 யூனிட் போட்டாலே இறங்கிவிடும். 5-ஆம் நாளே அவசரப்பட்டுக் கூடுதலாகப் போட்டால் இரண்டும் சேர்ந்து முகம் விறைத்துவிடும்.

60-ஆம் நாள் படத்தில் எல்லாமே பழையபடி திரும்பியிருந்தால் அளவு போதவில்லை என்பதே முதல் சந்தேகம். அடுத்த முறை அளவைக் கூட்டுவதுதான் தீர்வு, இடைவெளியைச் சுருக்குவது அல்ல. 90-ஆம் நாளுக்கு மேல் திரும்பியிருந்தால் அது இயல்பு. எப்படியானாலும் 12 வாரத்துக்கு முன் மறு ஊசி வேண்டாம். ஒழுங்காகப் போட்டு வருபவர்களில் சிலருக்குத் தசை மெலிந்து இடைவெளி தானாக நீளும், அவர்கள் நாள்காட்டியைப் பார்த்து ஓட வேண்டியதில்லை, அசைவு திரும்பிய பிறகு போனால் போதும்.

முகூர்த்தத்துக்காகப் போடுபவர்கள் 4 வாரம் முன்னதாகப் போட வேண்டும். தை 10-இல் கல்யாணம் என்றால் மார்கழி 10-ஐ ஒட்டி. 14 நாளில் முழுப்பலன் தெரியும், டச்-அப்புக்கு ஒரு வாரம், ஊசி குத்திய தடமோ நீலம் பாரித்த இடமோ ஆற மிச்ச நாள். முதல் தடவை போடுபவர் அதற்கும் ஒரு சுற்று முன்னால், 4, 5 மாதத்துக்கு முன்பே ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

தப்பாகப் போனால்

நீலம் பாரிப்பதும் லேசான தலைவலியும் சில நாளில் போய்விடும். ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் கொடுத்த மாத்திரையை இதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். மேல் இமை தொங்குவதுதான் எல்லோரும் அஞ்சுவது. புருவ நடு மருந்து இமையைத் தூக்கும் தசைக்கு இறங்கினால் இப்படி ஆகும். முறிமருந்து கொடுத்து இதைத் திருப்ப முடியாது. ஆனால் அங்கே போனது சிறு அளவு என்பதால் பெரும்பாலும் சில வாரங்களில், சுருக்கம் திரும்புவதற்கு முன்பே, இமை எழுந்துவிடும். அதுவரை அப்ராகுளோனிடின் 0.5 சதவீதச் சொட்டு மருந்தால் இமையை 1, 2 மில்லிமீட்டர் தூக்கலாம், கண் டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகே போட வேண்டும். விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், மூச்சுத் திணறல், உடம்பெங்கும் தளர்ச்சி, இவற்றில் எது வந்தாலும் கிளினிக்குக்குப் போன் செய்து காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போட வேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத் தசை நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அவை இந்த மருந்தின் வீரியத்தைக் கூட்டும். பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டிஸ்போர்ட் கூடாது.

மருந்து வேலையே செய்யவில்லை என்றால்

முன்பு நன்றாக நின்றது, இப்போது வேலையே செய்யவில்லை என்பவர்களுக்கு உடம்பு மருந்தை எதிர்க்கத் தொடங்கியிருக்கலாம். முக ஊசியின் அளவில் இது அபூர்வம். பெரிய அளவும், 12 வாரத்துக்குள் அடிக்கடி போடும் சின்னச் சின்னக் கூடுதல்களும்தான் இதற்கு வழிவிடுகின்றன. மாதாமாதம் "கொஞ்சம் டச்-அப்" என்று அழைக்கும் பேக்கேஜ்களை வேண்டாம் என்று சொல்ல இது ஒன்றே போதும்.

ஆனால் எதிர்ப்பு என்று முடிவுகட்டும் முன் வரிசையாகப் பாருங்கள்: யூனிட் குறைந்ததா, பிராண்டு மாறியதா, குப்பி எப்போது கலந்தது, ஊசி சரியான இடத்தில் இறங்கியதா, பதிந்த கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோமா. இவை எல்லாம் சரி என்றால் டாக்டர் ஒரு சோதனை செய்யலாம். நெற்றியின் ஒரு பக்கத்தில் மட்டும் புதிய குப்பியிலிருந்து சிறு அளவு போட்டு, 2 வாரம் கழித்துப் புருவத்தை உயர்த்தச் சொல்வார். ஊசி போட்ட பக்கம் அசையாமல் நின்றால் மருந்து வேலை செய்கிறது, பழைய அளவையோ இடத்தையோ திருத்தினால் போதும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உயர்ந்தால் சில மாதங்கள் ஊசியையே நிறுத்திவைத்து, பிறகு கூட்டுப்புரதம் (நச்சோடு சேர்ந்தே வரும் கூடுதல் புரதம்) நீக்கிய ஜியோமின் போன்ற மருந்தை முயன்று பார்க்கலாமா என்று டாக்டரோடு பேசுங்கள்.